அடைக்கலத்துக்கு அப்பால்: வதைபட்ட செல்லப்பிராணிகளின் மீட்சியும் காப்பகங்களின் பொறுப்பும்

1. ஆய்வுக் கேள்வி

வதைபட்ட நாயோ கைவிடப்பட்ட பூனையோ காப்பகத்துக்கு வந்து சேர்ந்துவிட்டால் அதன் துயரம் தீர்ந்துவிட்டதாக நாம் ஆறுதல் கொள்கிறோம். மீட்புச் செய்திகளும் பெரும்பாலும் அந்த இடத்திலேயே முடிந்துவிடுகின்றன. சங்கிலி அறுக்கப்பட்டது, புண்ணுக்கு மருந்திடப்பட்டது, வயிறு நிறைந்தது என்பதோடு கதை நிறைவடைகிறது. உடற்காயம் ஆறுவதைக் கண்ணால் காணலாம், எடை கூடுவதைத் தராசில் அறியலாம். ஆனால் மனிதக் கை உயர்ந்தாலே மூலையில் ஒடுங்கும் ஒரு விலங்கு அந்த ஒடுக்கத்திலிருந்து வெளிவருவது எப்படி? அதில் காப்பகத்தின் பங்கு என்ன? காப்பகமே அதற்குத் தடையாவதும் உண்டா?

இக்கட்டுரை இக்கேள்விகளைக் கடந்த அறுபது ஆண்டுகளின் ஆய்வுகளையும் ஒரு முக்கிய நீதிமன்ற வழக்கையும் முன்வைத்து ஆராய்கிறது. வதைபட்ட விலங்கு முதன்மையாக இழப்பது, தன் செயலுக்குப் பலன் உண்டு என்ற நம்பிக்கையை. அந்த நம்பிக்கையை மீட்டுத் தரும் காப்பகமே குணப்படுத்துகிறது. உணவும் கூரையும் மட்டும் தரும் காப்பகம் உயிரைக் காக்கிறது, ஆயினும் காயத்தை ஆற்றுவதில்லை. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

2. நிலவும் இரு புரிதல்கள்

வதைபட்ட விலங்குகளைப் பற்றிப் பொதுவெளியில் இரண்டு கருத்துகள் நெடுங்காலமாக நிலவி வருகின்றன. கெட்டுப்போன விலங்கு கெட்டதுதான், அதைத் திருத்த முடியாது என்பது முதலாவது. கடித்த நாயும் சண்டைக்கு வளர்க்கப்பட்ட நாயும் இந்த நோக்கின்படி ஆபத்தான பொருள்கள். அவற்றைக் கொன்றுவிடுவதே பாதுகாப்பு என்றும் கருணை என்றும் கருதப்பட்டது. அமெரிக்காவில் நாய்ச்சண்டைக் கும்பல்களிடமிருந்து பறிமுதல் செய்யப்பட்ட நாய்கள் தனித்தனியாகப் பரிசோதிக்கப்படாமலேயே பெருந்தொகையாகக் கொல்லப்பட்டதற்கு இந்நோக்கே காரணம்.

இரண்டாவது கருத்து இதற்கு நேர் எதிரானது. அன்பு காட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறது அது. நல்லெண்ணத்தில் பிறந்த கருத்து என்பதால் இதைக் கேள்வி கேட்க நமக்கு மனம் வருவதில்லை. ஆனால் அஞ்சி நடுங்கும் நாயை அள்ளி அணைப்பது நமக்குத்தான் அன்பு. அந்த நாய்க்கு அது, தப்ப வழியில்லாமல் ஓர் அந்நியரிடம் அகப்பட்டுக்கொண்ட அனுபவம். தழுவலைச் சகித்துக்கொண்டு அசையாமல் இருக்கும் நாயைப் பார்த்து, அது நம்மை நம்பத் தொடங்கிவிட்டதாக மகிழ்கிறோம். பல வேளைகளில் அந்த அசைவின்மை அச்சத்தின் உச்சநிலை.

இரு கருத்துகளும் விலங்கின் தனித்தன்மையைப் பார்க்கத் தவறுகின்றன. முதலாவது அதை ஒரு வகையின் மாதிரியாகப் பார்க்கிறது. இரண்டாவது அதை நம் இரக்கத்தைப் பெற்றுக்கொள்ளும் ஏனமாக ஆக்கிவிடுகிறது. இவ்விரண்டையும் ஒருசேர அசைத்த நிகழ்வு 2007இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நடந்தது.

3. வர்ஜீனியா வழக்கு: ஒரு திருப்புமுனை

2007 ஏப்ரலில், சர்ரி கவுண்டியில் இருந்த ஒரு பண்ணை நிலத்தைக் காவல்துறை சோதனையிட்டது. அட்லாண்டா பால்கன்ஸ் அணியின் புகழ்பெற்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக்கேல் விக்குக்குச் சொந்தமான இடம் அது. அங்கே நாய்ச்சண்டைக்காக வளர்க்கப்பட்ட பிட் புல் நாய்கள் கைப்பற்றப்பட்டன. சண்டையில் தேறாத நாய்கள் தூக்கிலிட்டும் நீரில் மூழ்கடித்தும் கொல்லப்பட்டது விசாரணையில் வெளிவந்தது. விக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவ்வாண்டு டிசம்பரில் அவருக்கு 23 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

எஞ்சிய நாய்களை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தபோது, விலங்கு நல அமைப்புகளில் சிலவே அவற்றைக் கொன்றுவிடப் பரிந்துரைத்தன. விலங்குகளுக்காக வாதாடும் பீட்டாவும் அமெரிக்க மனிதநேயச் சங்கமும் அந்தத் தரப்பில் நின்றன என்பது, முதல் கருத்து எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதைக் காட்டுகிறது. நீதிமன்றம் வேறு வழியைத் தேர்ந்தது. அமெரிக்க விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தின் நடத்தையியல் அறிஞர்கள் அடங்கிய குழு ஒவ்வொரு நாயையும் தனியே மதிப்பிட்டது. வால்பரைசோ பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ரெபெக்கா ஹஸ் அந்த நாய்களின் நலனைக் காக்கும் பொறுப்பில் நியமிக்கப்பட்டார். அவற்றின் பராமரிப்புக்காக விக் 9,28,073 டாலர் செலுத்த வேண்டும் என்றும் ஆணையிடப்பட்டது.

மதிப்பீட்டின் முடிவு பலரை வியக்கவைத்தது. 49 நாய்களில் ஆக்கிரமிப்பு காரணமாகக் கருணைக்கொலை செய்யப்பட்டது ஒன்றே ஒன்று. மற்றொன்று தீராத நோயால் அவ்வாறு விடைபெற்றது. எஞ்சிய 47 நாய்கள் பல மீட்பு அமைப்புகளுக்குப் பிரித்தளிக்கப்பட்டன. கடினமானவை எனக் கருதப்பட்ட 22 நாய்களை யூட்டா மாநிலத்தின் கேனப் அருகிலுள்ள பெஸ்ட் பிரண்ட்ஸ் சரணாலயம் ஏற்றது. கலிபோர்னியாவின் பேட் ராப் அமைப்பு 10 நாய்களைப் பெற்றுக்கொண்டது.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது வேறொன்று. மதிப்பீட்டாளர்கள் எதிர்பார்த்துச் சென்றது வெறிகொண்ட நாய்களை. அவர்கள் அங்கு மிகுதியாகக் கண்டதோ அச்சத்தில் உறைந்த நாய்களை. ஆளைக் கண்டதும் வயிறு தரையில் பதியத் தட்டையாகப் படுத்துக்கொண்டு, தூக்கினாலும் இழுத்தாலும் கால் ஊன்ற மறுத்த நாய்கள் பல. சீறும் நாயைவிட இவ்வாறு உறைந்த நாயே மீட்சிப் பணியின் கடினமான பாடம். சீறும் நாய், தன் சீற்றத்துக்கு எதிராளி விலகுவான் என்று இன்னும் நம்புகிறது. உறைந்த நாய்க்கு அந்த நம்பிக்கையும் இல்லை.

4. அச்சம் எதை அழிக்கிறது?

இந்த உறைநிலையை விளங்கிக்கொள்ள உளவியலின் பழைய ஆய்வொன்றை நாட வேண்டியிருக்கிறது. 1967இல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் ஆகியோர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நாய்கள் மீது மின்னதிர்ச்சிச் சோதனைகளை நடத்தினர். ஒரு குழுவிலிருந்த நாய்களால், தலையால் ஒரு பலகையை அழுத்தி அதிர்ச்சியை நிறுத்த முடிந்தது. மற்றொரு குழு அதே அளவு அதிர்ச்சியைப் பெற்றது, ஆனால் என்ன செய்தாலும் அதை நிறுத்த முடியவில்லை. பின்னர், சிறிய தடுப்பைத் தாண்டினால் தப்பிவிடலாம் என்ற நிலையில் வைத்தபோதும் இரண்டாம் குழுவின் பெரும்பாலான நாய்கள் தாண்ட முயலவே இல்லை. படுத்தபடி அதிர்ச்சியை ஏற்றுக்கொண்டன.

அச்சோதனையே ஒரு வதை; இன்றைய ஆய்வு அறம் அதை அனுமதிக்காது. அந்த நாய்கள் கொடுத்த விலைக்கு நாம் செய்யக்கூடியது, அவற்றின் துன்பம் சொன்ன பாடத்தை வதைபட்ட விலங்குகளின் நன்மைக்குப் பயன்படுத்துவதே. அப்பாடம் அரை நூற்றாண்டுக்குப் பிறகு முக்கியமான ஒரு திருத்தத்தைப் பெற்றது. நரம்பியல் சான்றுகளின் அடிப்படையில் மையரும் செலிக்மனும் 2016இல் தம் விளக்கத்தைத் தலைகீழாக மாற்றிக்கொண்டனர். நீடித்த துன்பத்தின்முன் செயலற்றுப்போவது மூளையின் இயல்பான எதிர்வினை. விலங்கு அனுபவத்தால் கற்றுக்கொள்வது, துன்பத்தைத் தன்னால் கட்டுப்படுத்த முடியும் என்பதையே என்று அவர்கள் எழுதினர்.

காப்பகங்களுக்கு இத்திருத்தம் மிகவும் பயனுள்ளது. செயலின்மையை விலங்கின் நினைவிலிருந்து அழித்துவிட முயல வேண்டியதில்லை. புதிய கற்றல் ஒன்றைத் தந்தால் போதும். தான் ஓரடி விலகினால் எதிரிலிருப்பவர் நிற்பார், தான் முன்வந்தால் நல்லது கிடைக்கும், தனக்கு வேண்டாம் என்றால் கை விலகும் என்பதை விலங்கு சிறுகச் சிறுகக் கற்கிறது. இக்கற்றலைத் திட்டமிட்டு நடத்துவதே மீட்சிப் பணி.

5. மீட்சியின் நடைமுறை

அஞ்சிய நாய்களோடு பணிபுரியும் தேர்ந்த காப்பகங்களில் முதல் நாட்கள் பார்வைக்குச் சலிப்பூட்டுபவை. பணியாளர் நாயின் கண்ணை நேராகப் பார்ப்பதில்லை, அதன் மேல் குனிவதில்லை. கூண்டைப் பக்கவாட்டில் கடந்து செல்லும்போது வேகவைத்த கோழித் துண்டு ஒன்றை வீசிவிட்டு நிற்காமல் போகிறார். பிறகு கூண்டுக்குள் சற்றுத் தொலைவில் முதுகைக் காட்டி உட்காருகிறார். நாய் ஓரடி எடுத்துவைத்தால் உணவுத் துண்டு அதற்கு முன்னால் விழுவதில்லை, பின்னால் விழுகிறது. அதை எடுக்க நாய் மனிதரைவிட்டு விலகிச் செல்ல வேண்டும். துணிந்து நெருங்கியதற்குப் பரிசாக உணவு கிடைக்கிறது, கூடவே விலகிச்செல்லும் நிம்மதியும் கிடைக்கிறது. அடுத்த முறை அது சற்றுக் கூடுதலாக நெருங்குகிறது. உணவைக் கையில் வைத்து நாயை அருகே இழுக்கும் வழக்கமான முறையில், பசி அதைத் துரத்த அச்சம் தடுக்க, அந்த விலங்கு இரண்டுக்கும் நடுவே சிக்குகிறது. இந்த முறையில் அந்தச் சிக்கல் எழுவதில்லை.

தொடுதலும் இப்படியே. மார்பிலோ தோளிலோ மூன்று நொடி வருடிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். நாய் நெருங்கி வந்தால் மீண்டும் தொடலாம். அசையாமலோ முகம் திருப்பியோ நின்றால் அன்றைக்கு அவ்வளவுதான். கழுத்துப்பட்டை, நடைக்கயிறு, படிக்கட்டு, வாக்குவம் கிளீனர் ஓசை, தொப்பி அணிந்த ஆண் என ஒவ்வொன்றும் தனித்தனிப் பாடமாகிறது. அச்சம் எழாத தொலைவில் அல்லது எழாத அளவில் தொடங்கி, நல்ல அனுபவத்தோடு இணைத்து, மெல்ல மெல்லக் கூட்டுவதே விதி. மனிதரிடம் நெருக்கமாகப் பழகும் இன்னொரு நாயை உடன் விடுவதும் பல இடங்களில் பெரும் பயன் தருகிறது. அஞ்சிய நாய் மனிதரை நம்புவதற்கு முன் தன் இனத்தை நம்புகிறது. அதைப் பார்த்துக் கற்கிறது. தேவைப்படும் நாய்களுக்குக் கால்நடை மருத்துவர் பதற்றத்தைத் தணிக்கும் மருந்துகளும் தருகிறார்.

இம்முறைகளின் பயனுக்குச் சான்று உண்டா? அமெரிக்க விலங்குவதைத் தடுப்புச் சங்கம் கடும் அச்சம் கொண்ட நாய்களுக்கென்றே 2013இல் நியூ ஜெர்சியில் ஒரு சோதனை மையத்தைத் தொடங்கி, 2018இல் வட கரோலினாவின் வீவர்வில்லில் நிரந்தர மையத்தை நிறுவியது. நாய் உற்பத்திப் பண்ணைகளிலிருந்தும், அளவுக்கு மீறி விலங்குகளை வீட்டில் குவித்துவைப்போரிடமிருந்தும் மீட்கப்பட்டவை அங்கு வருகின்றன. 2022இல் அச்சங்கத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்ட அறிக்கையின்படி, சிகிச்சை பெற்ற 441 நாய்களில் 86 விழுக்காடு தத்துக்கொடுக்கத் தகுந்த நிலையை எட்டின. வழக்கமான காப்பகங்களில் நம்பிக்கை கைவிடப்பட்டிருக்கக்கூடிய நாய்கள் இவை என்பதை நினைவிற்கொண்டால் இந்த எண்ணின் கனம் புரியும். தனிக் கட்டடமும் முழுநேர நடத்தையியல் நிபுணர்களும் உள்ள இடத்தின் சாதனை இது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். எல்லாக் காப்பகங்களிடமும் இதே விளைவை எதிர்பார்ப்பது நியாயமாகாது. ஆனால் மீட்சி சாத்தியமா என்ற பழைய ஐயத்துக்கு இது தெளிவான பதில்.

6. காப்பகமே காயமாகும்போது

காப்பகம் என்ற இடம் விலங்குக்கு எப்படித் தோன்றுகிறது? அறிமுகமற்ற நாற்றங்கள், சுவரில் மோதி எதிரொலிக்கும் குரைப்பு, சிமென்ட் தரை, நாள்தோறும் மாறும் முகங்கள். வீட்டில் வளர்ந்து கைவிடப்பட்ட விலங்குக்கு இவற்றோடு பிரிவின் துயரமும் சேர்கிறது. மைக்கேல் ஹென்னசியும் அவர் குழுவினரும் 1997இல் வெளியிட்ட ஆய்வின்படி, காப்பகத்துக்கு வந்த முதல் மூன்று நாட்களில் நாய்களின் இரத்தத்தில் கார்டிசால் என்ற அழுத்தச் சுரப்பு வீட்டு நாய்களைவிட மிகுந்திருந்தது. ஒன்பது நாட்களைக் கடந்தவற்றில் அது குறைந்திருந்தது. நம் கண்ணுக்கு மீட்பாகத் தோன்றும் முதல் நாள், விலங்கின் உடலுக்கு நெருக்கடியின் உச்சம்.

பூனைகளில் இது இன்னும் கூர்மையானது. ஆபத்தை உணரும் பூனையின் முதல் தற்காப்பு ஒளிந்துகொள்வது. திறந்த கூண்டில் அதற்கு வழியில்லை. நெதர்லாந்தில் கிளாடியா விங்கெயும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் செய்த எளிய சோதனை இதைத் தெளிவாக்கியது. புதிதாக வந்த 19 பூனைகளில் பாதியளவுக்கு ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி தரப்பட்டது. பெட்டி பெற்ற பூனைகளின் அழுத்தம் மூன்றாம் நாளே கணிசமாகக் குறைந்திருந்தது. பெட்டி இல்லாதவற்றுக்கு அந்நிலையை எட்ட இரண்டு வாரம் வரை தேவைப்பட்டது. ஒரு காலி அட்டைப்பெட்டி அந்தப் பூனைகளுக்கு அவ்வளவு நாள் அச்சத்தை மிச்சப்படுத்தியது. நிதி இல்லை என்று எந்தக் காப்பகமும் இதைத் தவிர்க்க முடியாது. இங்கும் அடிப்படை ஒன்றே: வெளிப்படுவதா மறைவதா என்பதைப் பூனையே தீர்மானிக்க முடிந்தது.

தற்காலிக வளர்ப்பு இல்லங்கள் பற்றிய ஆய்வு இதை மேலும் தெளிவாக்குகிறது. லிசா குந்தரும் குழுவினரும் 2019இல் ஐந்து காப்பகங்களின் 207 நாய்களை ஓரிரு இரவுகள் தன்னார்வலர் வீடுகளில் தங்கவைத்து ஆராய்ந்தனர். வீட்டில் இருந்தபோது அவற்றின் கார்டிசால் அளவு குறைந்தது; இடையூறின்றி நீண்ட நேரம் ஓய்வெடுத்தன. காப்பகத்துக்குத் திரும்பியதும் அளவு பழைய நிலைக்கு ஏறியது, ஆனால் முன்பைவிட மோசமாகவில்லை. கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தால் ஏமாற்றத்தில் மேலும் வாடும் என்ற அச்சத்துக்கு இவ்வாய்வு ஆதாரம் தரவில்லை. மாறாக, காப்பகத்தின் அன்றாட இரைச்சலில் விலங்கு உறங்கக்கூட முடியாமல் தவிக்கிறது என்பதை அது வெளிப்படுத்தியது. உறக்கமற்ற விலங்கு எதையும் நன்றாகக் கற்காது. ஆகவே அமைதியான இடம், ஒழுங்கான நேர அட்டவணை, மாறாத பராமரிப்பாளர் ஆகியவை ஆடம்பரங்கள் அல்ல, சிகிச்சையின் அடித்தளம்.

7. மதிப்பீடும் அதன் எல்லைகளும்

ஒரு விலங்கு தேறிவிட்டதா, ஆபத்தானதா என்பதைக் காப்பகம் எப்படி முடிவு செய்கிறது? பல பத்தாண்டுகளாக இதற்குச் செந்தரச் சோதனைகள் பயன்பட்டன. உண்ணும் நாயின் தட்டில் செயற்கைக் கையை நீட்டிப் பார்ப்பது அவற்றுள் ஒன்று. அதில் தோற்ற நாய்கள் பல உயிரிழந்தன.

கேரி பேட்ரனெக், ஜேனிஸ் பிராட்லி ஆகியோர் 2016இல் எழுதிய ஆய்வுரை இந்நடைமுறையைக் கடுமையாக விமர்சித்தது. பதற்றமான சூழலில் ஓரிரு நிமிடங்களில் நடத்தப்படும் சோதனை, வீட்டில் அந்நாய் எப்படி நடந்துகொள்ளும் என்பதை முன்னறிவதில் காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சிறந்ததல்ல என்பது அவர்கள் முடிவு. பாஸ்டனில் ஏமி மார்டர் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு வலுச்சேர்க்கிறது. காப்பகத்தில் உணவுக்காகச் சீறிய நாய்களில் ஏறத்தாழ பாதியே தத்தெடுக்கப்பட்ட வீட்டிலும் அவ்வாறு செய்தன. சீறிய நாய்களுக்கு உரிமையாளர்களாக வந்தவர்களும் அவற்றை விரும்பி வைத்துக்கொண்டனர்.

இதிலிருந்து மதிப்பீடே வேண்டாம் என்ற முடிவுக்குத் தாவிவிடக் கூடாது. தத்தெடுக்கும் குடும்பத்தின் குழந்தைகளுக்கும் அண்டை வீட்டாருக்கும் காப்பகம் பொறுப்புடையது. ஒரே நாளின் சோதனைக்குப் பதிலாக, முந்தைய உரிமையாளரின் தகவல், அன்றாடக் கவனிப்பு, விளையாட்டு நேரத்து நடத்தை, தற்காலிக வீட்டில் கண்டவை ஆகியவற்றைச் சேர்த்து எடைபோடும் முறையே ஏற்கத்தக்கது. வர்ஜீனியா நாய்கள் விஷயத்தில் இறுதி முடிவைத் தாங்கியது முதல் நாள் சோதனை மட்டுமன்று; தொடர்ந்த கண்காணிப்பும் பொறுப்பேற்ற அமைப்புகளின் உழைப்பும் அதற்குத் துணை நின்றன.

8. மீளாதவை குறித்து

அந்த 47 நாய்களின் பிற்கால வாழ்க்கை நெஞ்சை நிறைக்கிறது. ஜானி ஜஸ்டிஸ் என்ற நாயின் அருகில் அமர்ந்து, படிக்கத் திணறும் குழந்தைகள் சத்தமாக வாசித்துப் பழகினர். லியோ புற்றுநோயாளிகளைச் சந்திக்கும் சிகிச்சைத் துணையானது. பல நாய்கள் குழந்தைகளும் பூனைகளும் உள்ள வீடுகளில் முதுமை எய்தின. அவற்றுள் கடைசியாக எஞ்சியிருந்த ஃபுரோடோ 2021 டிசம்பரில் தன் வீட்டில் இறந்தது.

ஆனால் இச்செய்திகளை மட்டும் எடுத்துச் சொல்வது நேர்மையாகாது. லூக்காஸ், மெரில் ஆகிய இரு நாய்கள் வாழ்நாள் முழுவதும் சரணாலயத்திலேயே இருக்க வேண்டும் என நீதிமன்றம் ஆணையிட்டது. வேறு சில நாய்கள் வீட்டுக்குப் போன பின்னும் அந்நியரைக் கண்டால் அஞ்சுவதை நிறுத்தவே இல்லை. பெஸ்ட் பிரண்ட்ஸ் அமைப்பின் கால்நடை மருத்துவர் பிராங்க் மக்மிலனும் ஜேம்ஸ் செர்பெல் உள்ளிட்டோரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு, நாய் உற்பத்திப் பண்ணைகளில் இனப்பெருக்கத்துக்கு வைக்கப்பட்டிருந்த 1,169 நாய்களை ஆராய்ந்தது. தத்தெடுக்கப்பட்டு நல்ல வீடுகளில் வாழ்ந்தபோதும், அச்சமும் தொடுதலைத் தாங்காமையும் அவற்றில் மற்ற வீட்டு நாய்களைவிட மிகுதியாக இருந்தன. அதே வேளையில், ஆக்கிரமிப்பு குறைவாகவே இருந்தது.

மீட்சி என்றால் பழையபடி ஆவது என்று பொருள்கொண்டால் இவை தோல்விகள். நம்பத்தக்க ஒருவர், அடைய முடிந்த ஒரு மூலை, வலியற்ற நாட்கள் ஆகியவை கிடைத்த வாழ்வே மீட்சி என்று கொண்டால் இவற்றுள் பலவும் மீண்டவையே. இரண்டாம் பொருளே அறம் சார்ந்தது. எந்த மருத்துவமும் தணிக்காத துயரத்தில் வாழும் விலங்கும் உண்டு. அதற்கு வலியற்ற மரணத்தைத் தருவது பற்றி, வெற்றி விழுக்காட்டுக்கு அஞ்சாமல், மருத்துவரும் பராமரிப்பாளரும் கூடி முடிவெடுக்கக் காப்பகத்துக்குத் துணிவு வேண்டும்.

9. தமிழ்நாட்டுச் சூழல்

இந்தியாவின் விலங்கு நலச் சட்டத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் உருவாக மாநிலங்களவையில் குரல்கொடுத்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். இந்திய விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. 1959இல் கேப்டன் வி. சுந்தரமும் உஷா சுந்தரமும் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ், நாட்டின் முன்னோடிக் காப்பகங்களுள் ஒன்று. அடையாற்றில் பிரம்மஞான சபை வளாகத்தில் இயங்கிய பெசன்ட் நினைவு விலங்கு மருத்துவமனையும் கைவிடப்பட்ட விலங்குகளுக்கு நெடுங்காலம் புகலிடமாக இருந்தது.

2016இல் சென்னை அருகே குன்றத்தூரில் ஒரு நாயை மாடியிலிருந்து தூக்கி எறிந்த காணொளி நாட்டை உலுக்கியது. கால் முறிந்து, முதுகில் அடிபட்டுப் பல நாட்கள் மறைந்து கிடந்த அந்தப் பெண் நாய் உயிரோடு கண்டுபிடிக்கப்பட்டது. பத்ரா எனப் பெயரிடப்பட்டு, சிகிச்சை பெற்று, ஒரு வீட்டையும் அடைந்தது. அத்தனை வதைக்குப் பிறகும் தன்னை மீட்க வந்தவரைக் கண்டு அது வாலாட்டியதைப் பலரும் வியந்து பேசினர். ஆனால் அது ஊரறிந்த நாய். ஊர் அறியாத நூறு நாய்களுக்கு இத்தகைய தனிக் கவனம் கிடைப்பதில்லை.

காரணங்கள் வெளிப்படையானவை. நம் காப்பகங்கள் ஒரே வளாகத்தில் நான்கு வேலைகளைச் செய்கின்றன: தெருவில் வாகனம் மோதிய விலங்குகளுக்கு அவசர சிகிச்சை, தெருநாய்களுக்குக் கருத்தடை, வெறிநோய்த் தடுப்பு, கைவிடப்பட்ட வளர்ப்பு விலங்குகளின் பராமரிப்பு. பார்வோ, டிஸ்டெம்பர் ஆகிய நாய்த் தொற்றுநோய்கள் பரவும் இடத்தில் முதல் கவனம் தொற்றைத் தடுப்பதிலேயே செல்வது இயல்பு. அச்சத்தைத் தணிக்கும் பணிக்கு ஆளும் நேரமும் எஞ்சுவதில்லை. சென்னை வெயிலுக்குச் சற்றும் ஒவ்வாத ஹஸ்கியையும் செயின்ட் பெர்னார்டையும் விலைகொடுத்து வாங்கி, செலவு கூடியதும் காப்பக வாசலில் கட்டிவிட்டுப் போவோர் இச்சுமையைப் பெருக்குகின்றனர்.

சட்டமும் கைகொடுப்பதில்லை. விலங்கைப் பட்டினிக்குள்ளாகும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். ஆனால் முதல் முறைக்கான அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். ஒரு வேளை நாய் உணவின் விலைகூட இல்லாத இத்தொகை யாரையும் தடுக்காது. 2017இல் வந்த வழக்குச் சொத்து விலங்குகள் பராமரிப்பு விதிகள் இதற்கு மாறாகப் பயன் மிக்கவை. வழக்கு நடக்கும் காலத்தில் விலங்கை நலக் காப்பகத்தில் ஒப்படைக்கவும், அதன் செலவைக் குற்றஞ்சாட்டப்பட்டவரிடமிருந்து பெறவும் அவை வழிசெய்கின்றன. வர்ஜீனியா வழக்கில் 47 நாய்களைக் காத்தது நல்லெண்ணம் மட்டுமல்ல, குற்றவாளியின் பணமும்தான். இங்கும் அந்த விதிகளைக் காவல்துறையும் நீதிமன்றங்களும் முனைந்து செயற்படுத்தினால் காப்பகங்களின் மூச்சுத் திணறல் குறையும்.

2025 ஆகஸ்டில் தில்லித் தெருநாய்கள் குறித்து உச்ச நீதிமன்றம் முதலில் இட்ட ஆணை, அவற்றை எல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கச் சொன்னது. அதே மாதத்தில் அது திருத்தப்பட்டு, வெறிநோயும் ஆக்கிரமிப்பும் உள்ளவை தவிர மற்றவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து அதே இடத்தில் விட ஆணையிடப்பட்டது. அந்த விவாதத்தில் காப்பகம் என்பது விலங்குகளை நம் பார்வையிலிருந்து அகற்றிவைக்கும் கிடங்காகவே பலர் பேச்சில் இடம்பெற்றது. மேலே கண்ட ஆய்வுகள் காட்டுவது, இடநெருக்கடி மிகுந்தால் எந்தக் காப்பகமும் குணப்படுத்தும் திறனை இழந்துவிடும் என்பதை. தெருநாய்க் கொள்கையின் பாரத்தையும் வதைபட்ட செல்லப்பிராணியின் சிகிச்சையையும் ஒரே கூரையின்கீழ்க் கொட்டுவது இரண்டையும் கெடுக்கும்.

10. முடிவுரை

ஆய்வின் முடிவுகளைத் தொகுத்துச் சொல்லலாம். வதைபட்ட விலங்குகளில் மிகப் பெரும்பாலானவை மீளக்கூடியவை. அவற்றை வகைபிரித்துக் கொல்வதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. அன்பு தேவை, ஆனால் விலங்கின் விருப்பத்தை மதிக்கும் ஒழுங்கோடு அது சேர்ந்தால்தான் பயன் தரும். காப்பகத்தில் கழியும் ஒவ்வொரு நாளும் ஒரு செலவு. ஆகவே விலங்கு எவ்வளவு விரைவாக, எவ்வளவு ஆயத்தமாக ஒரு வீட்டுக்குச் செல்கிறது என்பதே காப்பகத்தின் உரைகல். எத்தனை விலங்குகளை உள்ளே எடுத்தோம் என்ற கணக்கைக் காட்டும் அமைப்புகள், எத்தனை வெளியே சென்றன, சென்றவை எப்படி இருக்கின்றன என்ற கணக்கையும் காட்ட வேண்டும்.

இதில் வாசகருக்கும் பங்கு உண்டு. காப்பகத்துக்கு அரிசியும் பணமும் கொடுப்பவர்கள் பலர். ஒரு நாயைச் சில வாரம் தம் வீட்டில் தங்கவைப்பவர்கள் குறைவு. ஆய்வுகள் சுட்டும் மிகப் பெரிய உதவி அந்த இரண்டாவதே. விலைகொடுத்து இனநாய் வாங்கும் எண்ணம் இருந்தால், அதற்கு முன் அருகிலுள்ள காப்பகத்துக்கு ஒருமுறை சென்று பாருங்கள். அங்கே மூலையில் ஒடுங்கியிருக்கும் நாயைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தால், அது உங்களிடம் வர எத்தனை வாரம் எடுத்துக்கொண்டாலும் பொறுத்திருங்கள்.